17,400: ஒரு ரத்த ரிப்போர்ட்டும் ஒரு மாத்திரையும்

இரவு படுக்கும்போது இரண்டு காதும் சரியாகத்தான் இருந்தன. காலையில் எழுந்தால் இடது காதில் யாரோ பஞ்சை வைத்து அடைத்தது போல இருந்தது. சளியாக இருக்கும், அழுக்காக இருக்கும் என்று இரண்டு நாள் கடத்தினேன் (கடத்தியிருக்கக் கூடாது, இந்தப் பிரச்சினையில் ஒவ்வொரு நாளும் முக்கியம் என்று பிறகுதான் தெரிந்தது). மூன்றாம் நாள் காது டாக்டர் செவித்திறன் சோதனை எடுத்துப் பார்த்துவிட்டு, உள்காது நரம்பு சம்பந்தப்பட்ட திடீர்க் கேட்புக் குறைவு என்று சொல்லி, பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை எழுதிக் கொடுத்தார். தினமும் 60 மில்லிகிராம், காலையில் சாப்பிட்ட பிறகு, ஒரே வேளை. பத்து நாள் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், சட்டென்று நிறுத்தக் கூடாது.

காதின் கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன். இங்கே சொல்ல வந்தது ஐந்தாம் நாள் எடுத்த ரத்தப் பரிசோதனையைப் பற்றி.

ஸ்டீராய்டு சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், அதிலும் காலையில் போட்ட மாத்திரைக்கு மதியத்துக்கு மேல்தான் ஏறும், அதனால் மதியம் சாப்பிட்ட பிறகு ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பரிசோதனைக் கூடத்தில் சர்க்கரையோடு முழு ரத்த எண்ணிக்கையும் சேர்த்து ஒரு தொகுப்பாகத்தான் எடுப்போம் என்றார்கள். சரி, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். மாலையில் ரிப்போர்ட் போனுக்கு வந்தது. சர்க்கரை பரவாயில்லை. அதற்குக் கீழே, தடித்த எழுத்தில், பக்கத்தில் ஓர் அம்புக்குறியோடு: மொத்த வெள்ளையணுக்கள் 17,400. அடைப்புக்குறிக்குள் வழக்கமான அளவு 4,000 முதல் 11,000 வரை. அதற்குக் கீழே வெள்ளையணுக்களின் வகைகள்: நியூட்ரோஃபில் 86 சதவீதம், லிம்போசைட் 9, மோனோசைட் 5, ஈசினோஃபில் 0.

அன்றிரவு நான் செய்ததைத்தான் நீங்களும் செய்வீர்கள். தேடினேன். முதல் பக்கத்தில் கிருமித்தொற்று, இரண்டாம் பக்கத்தில் ரத்தப் புற்றுநோய். பதினொரு மணிக்கு அக்காவுக்கு ரிப்போர்ட்டை அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். "டேய், உள்ள எங்கேயோ சீழ் பிடிச்சிருக்குடா, இல்லாம இவ்வளவு ஏறாது." நான் பேசாமல் இருந்தேன். அவளே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, என்னைத் தேற்றுவதற்காகவோ என்னவோ, "ஒருவேளை அந்த மாத்திரையால எதிர்ப்பு சக்தி கூடியிருக்கோ? அப்படின்னா நல்லதுதானே?" என்றாள்.

இரண்டும் தப்பு. இந்த ரிப்போர்ட்டைப் பார்க்கும் யாருக்கும் தோன்றக்கூடிய தப்புகள்தான். இரண்டாவது தப்புதான் ஆபத்தானது என்பது எனக்கு அப்போது தெரியாது.

மறுநாள் டாக்டர் அந்தத் தாளையும், ஆறு மாதத்துக்கு முன் வேறு ஒரு காரணத்துக்காக நான் எடுத்திருந்த பழைய ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார். சதவீதங்களோடு அவர் நிற்கவில்லை. பேனாவை எடுத்துப் பெருக்க ஆரம்பித்தார். பழையதில் மொத்தம் 7,200, அதில் நியூட்ரோஃபில் 58 சதவீதம், அதாவது ஒரு மைக்ரோலிட்டரில் 4,176. இப்போது 17,400-இல் 86 சதவீதம், 14,964. மூன்றரை மடங்கு. லிம்போசைட் அன்றைக்கு 32 சதவீதம், 2,304. இப்போது 1,566. சதவீதமாகப் பார்த்தால் 32 எங்கே 9 எங்கே என்று பயமாக இருக்கும், எண்ணிக்கையாகப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது. ஈசினோஃபில் 288 இருந்தது, இப்போது ஒன்றும் இல்லை.

"ஒண்ணு ஏறியிருக்கு, ஒண்ணு இறங்கியிருக்கு, ஒண்ணு காணாமலே போயிருக்கு. மூணும் சேர்ந்து வந்தா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது மாத்திரைதான்" என்றார். "மாத்திரை எத்தனை மணிக்கு? ரத்தம் எத்தனை மணிக்குக் கொடுத்தீங்க?" காலை எட்டு, மதியம் ஒன்று என்றேன். "நல்ல நேரம் பார்த்துத்தான் போயிருக்கீங்க" என்று சிரித்தார்.

ஸ்டீராய்டு வெள்ளையணு உற்பத்தியைக் கூட்டுமா குறைக்குமா என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். எனக்கு இப்போது அந்த 'உற்பத்தி' என்ற சொல்லின் மேலேயே சந்தேகம். அந்த 17,400-இல் பெரும்பகுதி புதிதாக உற்பத்தியானது இல்லை. ஏற்கெனவே உடம்பில் இருந்ததுதான், இடம் மாறியிருக்கிறது.

ரத்தக் குழாயை ஓர் ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். நியூட்ரோஃபில்கள் எல்லாமே நடு ஆற்றில் ஓடிக்கொண்டிருப்பதில்லை. ஏறக்குறைய பாதி, குழாயின் உட்சுவரை ஒட்டிக்கொண்டு, கரையோரமாக மெல்ல உருண்டபடி இருக்கின்றன. அவற்றின் மேல் செலக்டின் என்ற ஒட்டும் மூலக்கூறு இருக்கிறது, குழாய்ச் சுவரிலும் அதற்கேற்ற பிடிகள் இருக்கின்றன. ஊசி போட்டு நாம் எடுக்கும் ரத்தம் நடு ஆற்றுத் தண்ணீர். கரையோரம் ஒதுங்கியவை அந்தக் கணக்கில் வருவதே இல்லை. அதாவது ரிப்போர்ட்டில் இருக்கும் எண் எப்போதுமே பாதிக் கணக்குதான், மாத்திரை சாப்பிடாத நாளிலும்கூட.

ஸ்டீராய்டு இந்த ஒட்டும் தன்மையைக் குறைத்துவிடுகிறது. கரையைப் பிடித்திருந்தவை பிடியை விட்டு நடு ஆற்றுக்கு வருகின்றன, எண்ணிக்கை எகிறுகிறது. இதோடு இன்னும் இரண்டு நடக்கின்றன. சாதாரணமாக நியூட்ரோஃபிலுக்கு ரத்தத்தில் ஆயுள் ஒரு நாள்கூட முழுசாகக் கிடையாது, சில மணி நேரம் சுற்றிவிட்டுத் திசுக்களுக்குள் போய்விடும் அல்லது தானாகவே மடிந்துவிடும். ஸ்டீராய்டு அந்தச் சாவைத் தள்ளிப்போடுகிறது, வெளியே போகும் வழியையும் அடைக்கிறது, ஆக வந்தவை தங்கிவிடுகின்றன. மூன்றாவதாகத்தான் எலும்பு மஜ்ஜை. அங்கே தினமும் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்கள் உருவாகின்றன, முதிர்ந்தவை ஒரு கிடங்கில் காத்திருப்பது போல அங்கேயே இருக்கின்றன, ரத்தத்தில் ஓடுவதைவிடப் பல மடங்கு. ஸ்டீராய்டு அந்தக் கிடங்கிலிருந்தும் கொஞ்சம் அவிழ்த்துவிடுகிறது.

எது எவ்வளவு? 1998-இல் முயல்களுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டைக் கொடுத்துச் செய்த ஓர் ஆய்வு இதைப் பிரித்துக் கணக்கிட்டது. ஏறியதில் 61 சதவீதம் கரையை விட்டு வந்தவை, 29 சதவீதம் ஆயுள் நீண்டதால், மஜ்ஜையிலிருந்து வந்தவை வெறும் 10 சதவீதம். முயலுக்கு வந்த கணக்கு மனிதனுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் வரிசை அதுதான்.

ஓட்டப்பந்தயம் ஓடி முடித்தவுடன் ரத்தம் எடுத்தாலும் வெள்ளையணு ஏறித்தான் இருக்கும். அது அட்ரினலின் வேலை, நிமிடங்களில் ஏறி, ஓய்வெடுத்தால் இறங்கிவிடும். ஸ்டீராய்டு நிதானமானது. ஒரு டோஸ் போட்டால் நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் உச்சம், ஒரு நாளில் பெரும்பாலும் பழைய நிலை. தினமும் சாப்பிடுபவர்களுக்கு அது இறங்குவதற்குள் அடுத்த டோஸ் வந்துவிடும். முதல் இரண்டு வாரங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு கொஞ்சம் இறங்கி, ஆனாலும் பழைய அளவுக்கு வராமல் மேலேயே நிற்பது பழக்கம். 20,000-ஐத் தாண்டுவதும் உண்டு. குறைந்த டோஸை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கும் இது வரலாம், அதனால் "நான் 10 மில்லிகிராம்தானே போடுகிறேன்" என்று ஒதுக்கிவிட முடியாது.

அக்காவின் முதல் தப்புக்கு வருவோம், சீழ். கிருமித்தொற்றா மாத்திரையா என்று எப்படிப் பிரிப்பது? டாக்டர் பரிசோதனைக் கூடத்துக்குப் போன் செய்து, அதே ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். எனக்கும் ஆர்வம், அடுத்த முறை போனபோது அந்தத் தகட்டைக் காட்ட முடியுமா என்று கேட்டேன், அங்கிருந்தவர் பெரிய மனது பண்ணி நுண்ணோக்கியைப் பார்க்கவிட்டார். வெளிர் ரோஜா நிறத்தில் சிவப்பணுக்கள் தரை ஓடு மாதிரி பரவிக் கிடக்க, நடுவில் அங்கங்கே ஊதா நிற உட்கரு, மூன்று நான்கு துண்டாக, மெல்லிய இழையால் கோத்தது போல. அதுதான் முதிர்ந்த நியூட்ரோஃபில். கடும் தொற்று வந்தால் மஜ்ஜை அவசரத்தில் முதிராதவற்றையும் அனுப்பிவிடும், அவற்றின் உட்கரு துண்டுபடாமல் லாடம் போல வளைந்து இருக்கும், 'பேண்ட்' என்பார்கள். அணுவுக்குள் கருத்த துகள்களும் தெரியும். ஸ்டீராய்டால் வந்த ஏற்றத்தில் இவை அரிது. பேண்ட் அணுக்கள் 6 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மாத்திரையை மட்டும் குற்றம் சொல்லாதே, தொற்றைத் தேடு என்பது பழைய, இன்றும் உதவுகிற ஒரு கணக்கு. என் தகட்டில் எல்லாம் துண்டு துண்டான முதியவர்கள். நான் பார்த்த அளவில் ஒரு லாடம்கூட இல்லை. (என் கண்ணை நம்பி இல்லை, எழுதிக் கொடுத்திருந்தார்கள்.)

காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, சிறுநீர் எரிகிறதா, பல் வலி, தோலில் புண்? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். அந்தக் கேள்விகளும் தகடும் சேர்ந்துதான் பதில் சொன்னதே தவிர, 17,400 என்ற எண் தனியாக எதையும் சொல்லவில்லை.

நியூட்ரோஃபில் ஏறும்போது லிம்போசைட் ஏன் இறங்குகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. குறைந்த நேரத்துக்குப் பார்த்தால் இதுவும் இடமாற்றம்தான், திசை மட்டும் நேர் எதிர். லிம்போசைட்டுகள் ரத்தத்தை விட்டு மஜ்ஜைக்கும் மற்ற திசுக்களுக்கும் ஒதுங்கிவிடுகின்றன. பி வகையைவிட டி வகை அதிகம் ஒதுங்கும். இது நம் உடம்பே தினமும் செய்கிற வேலை. அட்ரினல் சுரப்பி, உடம்பின் சொந்த ஸ்டீராய்டான கார்டிசாலைக் காலையில் அதிகமாகவும் நள்ளிரவையொட்டி மிகக் குறைவாகவும் சுரக்கிறது, லிம்போசைட் எண்ணிக்கை அதற்கு எதிர்த்தாளம் போட்டு இரவில் ஏறிக் காலையில் இறங்குகிறது. பிரெட்னிசோலோனைக் காலையில் சாப்பிடச் சொல்வதற்கு ஒரு காரணம் இந்தத் தாளத்தை ரொம்பக் கலைக்கக் கூடாது என்பதுதான்.

ஆனால் டோஸ் கூடி நாளும் கூடினால் இடமாற்றத்தோடு நிற்பதில்லை. ஸ்டீராய்டு சில லிம்போசைட்டுகளைக் கொன்றேவிடுகிறது. கத்தியால் குத்துவது போல இல்லை, அணு தன்னைத்தானே கலைத்துக்கொள்ளும் கட்டளையைத் தட்டிவிடுகிறது. 1980-இல் எலியின் தைமஸ் (லிம்போசைட்டுகள் முதிரும் உறுப்பு) அணுக்களில் இதைப் பார்த்தார்கள்: ஸ்டீராய்டு பட்டதும் அணுவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. ஒழுங்கான துண்டுகளாக வெட்டப்படுகிறது. யோசித்துப் பாருங்கள், ஒரே மருந்து, நியூட்ரோஃபிலிடம் போய் இன்னும் கொஞ்ச நேரம் இரு என்கிறது, லிம்போசைட்டிடம் போய் உன்னை முடித்துக்கொள் என்கிறது. நான் இரவில் தேடியபோது பயமுறுத்திய அதே ரத்தப் புற்றுநோய்க்கு இது மருந்தாவதும் அதனால்தான். குழந்தைகளுக்கு வரும் லிம்போசைட் வகை ரத்தப் புற்றுநோயில் சில சிகிச்சை முறைகள் முதல் வாரம் முழுக்கக் கிட்டத்தட்ட பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டை மட்டும் நம்பி இருக்கும், தண்டுவடத்தில் ஒரு ஊசி தவிர. எட்டாம் நாள் ரத்தத்தில் புற்றணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,000-க்குக் கீழே இறங்கிவிட்டால் நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்வார்கள். இதனாலேயே, நெறிக்கட்டி ஒன்று லிம்போமாவோ (லிம்போசைட்டுகளில் வரும் புற்றுநோய்க் கட்டி) என்று சந்தேகம் இருந்தால் திசு எடுத்துப் பார்ப்பதற்கு முன்னால் ஸ்டீராய்டு கொடுக்கத் தயங்குவார்கள். கட்டி சுருங்கிவிடும், நோய் என்னவென்று தெரியாமலே போய்விடும்.

காணாமல் போன ஈசினோஃபிலுக்கு ஒரு சின்ன சரித்திரம் உண்டு. கார்டிசாலை நேரடியாக அளக்கும் வசதி எளிதில் கிடைக்காத 1948-இல், தோர்ன் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு சோதனை சொன்னார். அட்ரினலைத் தூண்டும் ஹார்மோனை ஊசியில் போடு, நான்கு மணி நேரம் கழித்து ஈசினோஃபிலை எண்ணு. பாதிக்கு மேல் குறைந்திருந்தால் அட்ரினல் வேலை செய்கிறது. ஹார்மோன் கண்ணுக்குத் தெரியாது, அது விரட்டிய அணுவை எண்ணிவிடலாம். எனக்கு இது அழகான யோசனையாகப் படுகிறது. அதே 1948 செப்டம்பரில்தான் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில், மூட்டுவாதத்தால் முடங்கியிருந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு முதன்முதலாகக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டை ஊசியில் போட்டார்கள், சில நாளில் அவர் எழுந்து நடந்தார். இந்த ஹார்மோன் ஆராய்ச்சிக்காக ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் 1950-இல் நோபல் பரிசு. மருந்து எப்படி வேலை செய்கிறது என்பது புரிவதற்கு முன்பே பரிசு வந்துவிட்டது.

இன்றைக்கும் ஈசினோஃபில் ஆளை ஏமாற்றும். ஆஸ்துமாவுக்கு வந்திருக்கும் சில புதிய ஊசிமருந்துகளை யாருக்குக் கொடுப்பது என்று ஈசினோஃபில் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்கிறார்கள். ஸ்டீராய்டு மாத்திரையில் இருக்கும்போது எடுத்தால் அது பூஜ்யம்கூடக் காட்டலாம், நோய் உள்ளே அப்படியே இருக்கும்.

இப்போது அக்காவின் இரண்டாவது தப்பு. எண்ணிக்கை கூடினால் எதிர்ப்பு சக்தி கூடியதாக அர்த்தமா?

மறுபடி ஆற்றுக்கு வாருங்கள். கரையை ஒட்டி உருண்டுகொண்டிருந்தவை சும்மா ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. கரையில் எங்காவது கிருமி புகுந்தால் அந்த இடத்தில் இறுகப் பிடித்து நின்று, சுவரின் இடுக்கு வழியாக நுழைந்து, திசுவுக்குள் போவதற்குத்தான் ஒட்டிக்கொண்டிருந்தன. கிருமியோடு சண்டை நடப்பது கரையில், ஆற்றில் இல்லை. ஸ்டீராய்டு அவற்றின் பிடியைத் தளர்த்தியதால்தான் ஆற்றில் கூட்டம் கூடியது, அதே காரணத்தால்தான் அவற்றால் இறங்க வேண்டிய இடத்தில் இறங்க முடியவில்லை. ஆக என் ரிப்போர்ட்டில் இருந்த அந்த 14,964 என்பது கூடுதல் பட்டாளம் இல்லை, வேலைக்கு இறங்க முடியாமல் ஆற்றோடு போய்க்கொண்டிருந்த பட்டாளம். லிம்போசைட்டும் குறைந்திருக்கிறது, மோனோசைட் ஏறியிருந்தாலும் (ஒரு டோஸுக்குப் பிறகு அதுவும் சில மணி நேரம் இறங்கும்) அதன் வேலைத்திறன் மங்கியிருக்கும். எண் ஏறியிருக்க எதிர்ப்பு இறங்கியிருக்கிறது.

இதை அக்காவுக்குப் போனில் சொன்னபோது, "அப்போ எதுக்குடா இதைக் கொடுக்கிறாங்க?" என்றாள். நியாயமான கேள்வி. சில நேரம் நோயைவிடச் சண்டையே அதிகம் கெடுக்கிறது, அப்போது சண்டையை நிறுத்துவதுதான் வைத்தியம். 2020 ஜூனில் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வின் முடிவு வந்தது நினைவிருக்கலாம்: தினமும் 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன், அதிகபட்சம் பத்து நாள். வென்டிலேட்டரில் இருந்த கோவிட் நோயாளிகளிடையே சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பயனும் தெரியவில்லை. சண்டை கைமீறிப் போன உடம்புக்கு மருந்து, போகாத உடம்புக்கு வெறும் தொந்தரவு.

என்னைப் போல இரண்டு மூன்று வாரம் சாப்பிடுகிறவர்களுக்குப் பெரிய பயம் இல்லை. மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் கதை வேறு. பிரெட்னிசோலோன் தினமும் 20 மில்லிகிராமோ மேலோ இரண்டு வாரத்துக்கு மேல் போனால் உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். உடம்பில் உறங்கிக்கொண்டிருக்கும் காசநோய்க் கிருமி விழித்துக்கொள்ளலாம். மண்ணிலிருந்து காலின் தோல் வழியாகப் புகுந்து குடலில் பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும் ஸ்ட்ராஞ்சிலாய்ட்ஸ் என்ற ஒரு புழு உண்டு. சாதாரணமாக ஈசினோஃபில் ஏறி அதைக் காட்டிக்கொடுக்கும். ஸ்டீராய்டு கொடுத்தால் காட்டிக்கொடுக்கிற ஆளும் இல்லை, தடுத்து நிறுத்துகிற ஆளும் இல்லை, புழு உடம்பு முழுக்கப் பரவி உயிருக்கே உலை வைத்துவிடும். இதற்கெல்லாம் மேலே, காய்ச்சலையும் வீக்கத்தையும் ஸ்டீராய்டே அடக்கிவைப்பதால் தொற்று வந்தாலும் ஆள் பார்வைக்கு நன்றாகவே இருப்பார். டாக்டர் என்னிடம் அத்தனை கேள்வி கேட்டது அதனால்தான். 'காய்ச்சல் இல்லை' என்ற என் பதிலை அவர் முழுசாக நம்பவில்லை என்பதும் பிறகுதான் உறைத்தது, ஒரு வாரம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருந்தார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். வாரக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்தால் அட்ரினல் சுரப்பி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். திடீரென்று நிறுத்தினால் அது எழுந்து வருவதற்குள் ரத்த அழுத்தம் விழுந்து ஆபத்தாகிவிடும். உடற்பயிற்சிக் கூடங்களில் பேசப்படும் 'ஸ்டீராய்டு' வேறு சாதி, அதை இதோடு குழப்ப வேண்டாம். தோலில் தடவும் களிம்பும் ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்தும் வழக்கமான அளவில் வெள்ளையணுக் கணக்கை இந்த அளவுக்குக் கலைக்காது.

என் காது முக்கால்வாசி திரும்பி வந்தது. மேல் ஸ்தாயி ஒலிகள் இன்னும் கொஞ்சம் மங்கல்தான். 60 மெல்ல இறங்கி 5 ஆனபோது எடுத்த ரத்தத்தில் மொத்த எண்ணிக்கை 9,100, ஈசினோஃபில் 1 சதவீதம் எட்டிப் பார்த்தது. அதற்குப் போனபோது பரிசோதனைக் கூடத்தில் கொடுத்த படிவத்தைப் பார்த்தேன். பெயர், வயது, என்ன பரிசோதனை, சாப்பிட்டதா இல்லையா. மருந்து எதுவும் எடுக்கிறீர்களா என்று கேட்க ஒரு கட்டம்கூட இல்லை. ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில் நானே எழுதினேன்: பிரெட்னிசோலோன் 5 மி.கி., காலை 8 மணி. அதற்குக் கீழே, ஊசி குத்தும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, மதியம் 12.40.